பட்டி பிசைந்த கை

மார்ச் மாதத்தில் ஒரு காலை மிஹோகோவுக்கு விழிப்பு வந்தது, கண்தான் திறக்கவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். இரண்டு இமைகளும் பன் மாதிரி உப்பியிருந்தன. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போய், கிடைத்த இடுக்கு வழியாகக் கண்ணாடியைப் பார்த்தபோது, யாரோ அடித்துப் போட்ட பெண் ஒருத்தி எதிரே நின்றாள்.

"கென்! இங்க வா!"

கென்சாகு பல் தேய்த்தபடியே வந்து எட்டிப் பார்த்தான். "அடேயப்பா! தூக்கத்துல எவன்கூட குத்துச்சண்டை போட்ட?"

"விளையாடாத. கடை திறக்கறப்போ நான் கவுன்டர்ல நிக்கணும்."

"மகரந்தம்தான். ஷிசுவோகா ஊர் முழுக்கத் தும்மிக்கிட்டு இருக்கு, உனக்கு மட்டும் விதிவிலக்கா?" என்று சொல்லிவிட்டு, துண்டைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து அவள் கண்களின் மேல் வைத்தான். துண்டுக்கு மேலே அவனுடைய கட்டைவிரல்கள் புருவத்தை மெல்ல நீவிவிட்டன. பெரிய கைகள் அவனுக்கு. ஆனால் அவ்வளவு இதமாகத் தொடுபவர்கள் குறைவு.

பேரங்காடியின் தரைத்தளத்தில், முகப்பூச்சு விற்கும் கவுன்டரில் மிஹோகோவுக்கு வேலை. அவளுடைய முகம்தான் அந்தக் கவுன்டரின் விளம்பரப் பலகை. வாடிக்கையாளர்கள் புட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள். அன்று கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சமாளித்தாள். சில நாளில் வீக்கம் வடிந்து, தோல் உரிந்து, மறுபடி வீங்கியது. கழுத்திலும் காது மடலிலும் சிவப்புத் தடிப்பு வந்தது.

மகரந்தக் காலம் முடிந்தது. ஊர் தும்முவதை நிறுத்தியது. மிஹோகோவின் முகம் மட்டும் நிறுத்தவில்லை.

ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். முதலில் கடையில் புதிதாக வந்த க்ரீமை விட்டாள். பிறகு எல்லா க்ரீமையும் விட்டாள். சோப்பை மாற்றினாள், துணி துவைக்கும் தூளை மாற்றினாள், அவளுக்கு உயிரான சிறு இறாலைக்கூட ஒதுக்கினாள். முகப்பூச்சு விற்பவள் வெறும் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனாள். ஒரு நாள், நன்றாக உடுத்திய ஒரு அம்மாள் புட்டியைக் கையில் எடுத்து, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதைப் போட்டா இப்படித்தான் ஆகுமா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போனாள்.

கவுன்டருக்குப் பொறுப்பாளர் ஓகிதா. நல்ல மனுஷிதான். ஆனாலும் அன்று மாலை அவளைத் தனியாக அழைத்தாள். "மிஹோகோ-சான், தப்பா நினைக்காதீங்க. குணமாகற வரைக்கும் பின்னால கிடங்குல சரக்கு பார்த்துக்கோங்களேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"குணமாகற வரைக்கும்தான்னு சொல்றேனே."

வீட்டுக்கு வந்து சொன்னபோது கென்சாகுவுக்கு அவளைவிட அதிகமாகக் கோபம் வந்தது. "புட்டியை வச்சிட்டுப் போன அந்த அம்மா மூஞ்சிக்கு எதைப் பூசினா என்ன ஆயிடப்போகுது!" என்று கத்தினான். பிறகு வழக்கம்போலத் துண்டைப் பிழிந்து கொண்டுவந்தான். இப்போது அது தினசரி வழக்கமாகிவிட்டது. மாலையில் அவள் பாயில் படுத்துக்கொள்வாள். அவன் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து கண்களை ஒற்றி, நெற்றியை நீவிவிடுவான். இதற்காகவே வீங்கினாலும் பரவாயில்லை என்றுகூட அவளுக்கு ஒரு நாள் தோன்றியது.

கென்சாகு பொம்மைச் சிற்பி. இயந்திரத்தில் காசு போட்டுத் திருகினால் உருண்டை டப்பாவில் விழுமே, அந்தச் சின்னப் பொம்மைகளுக்கு மூல உருவம் செய்து தருபவன். படுக்கையறையை ஒட்டி, ஒரே ஒரு காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் வேலை அறை. களிமண்போலப் பிசைந்தால் தானே இறுகும் இபாக்சி பட்டியில் இரண்டு நிறக் கட்டிகள். இரண்டையும் சரிபாதி கிள்ளி எடுத்து, ஒரே நிறமாகும் வரை வெறுங்கையால் பிசைவான். இறுகுவதற்குள் அது தவளையாகவோ மரநாயாகவோ ஆகிவிடும். இறுகியபின் கல். அந்த வருடம் வெந்நீர் ஊற்றில் குளிக்கும் குரங்குகளுக்கு ஒரு நிறுவனம் சொல்லியிருந்தது. தலையில் துண்டோடு ஒன்று, கொட்டாவி விடும் ஒன்று, குட்டியின் முதுகைத் தேய்த்துவிடும் ஒன்று. அவன் செய்த குரங்குகளைப் பார்த்தால் யாருக்கும் குளிக்கத் தோன்றும்.

மே மாதம் பயிற்சிக்காக மிஹோகோ ஒரு வாரம் ஒசாகா போனாள். அங்கே போன சில நாளில் முகம் தெளிந்துவிட்டது. பழைய கன்னம் திரும்பியது. திரும்பி வந்த மறுநாள் காலையிலேயே இமை தடித்தது.

"கென், இந்த வீட்டுலதான் என்னமோ இருக்கு."

"வீட்டுல நான்தான் இருக்கேன். என்னைத்தான் உனக்கு ஆகலபோல." சிரித்தான். ஆனால் அன்றே பாய்களை எல்லாம் பெயர்த்து, அடியில் பூஞ்சை இருக்கிறதா என்று குப்புறப் படுத்துத் தேடினான். பூஞ்சை இல்லை. பாய்களைத் திரும்பப் போடுகையில் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

கடைசியில் தோல் மருத்துவர் சுகானோவிடம் போனாள். அவர் மிஹோகோவின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துத் துண்டுகளை ஒட்டி, குளிக்காமல் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். பிரித்துப் பார்த்தபோது க்ரீம்கள், வாசனைப் பொருள்கள், சாயம் என எல்லாம் ஒட்டிய இடங்கள் வெறும் தோலாகவே இருந்தன. ஒரே ஒரு கட்டம் மட்டும் சிவந்து, சின்னக் கொப்புளங்களோடு பொங்கியிருந்தது.

"இது இபாக்சி ரெசின்" என்றார் மருத்துவர். "உங்க வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. வீட்டுல பசை, தரைக்கு அடிக்கிற பெயின்ட், பட்டி, அப்படி ஏதாவது புழங்குதா?"

மிஹோகோவுக்கு உடனே பிடிபடவில்லை. "என் வீட்டுக்காரர் பொம்மை செய்வார்" என்றாள். சொல்லி முடிக்கும்போதே குரல் இறங்கிவிட்டது.

"வெறுங்கையாலயா?"

"ஆமாம் டாக்டர். ஆனா அவருக்கு ஒண்ணுமே இல்லையே."

"இல்லாம இருக்கலாம். தோல் ஆளுக்கு ஆள் வேற. சிலருக்கு ஒரு மாசத்துல வரும், சிலருக்குக் காலமெல்லாம் வராது. நீங்க அந்தப் பட்டியைத் தொட்டது உண்டா?"

"நான் அந்த அறைக்கே அதிகம் போகமாட்டேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவர் உங்க முகத்தைத் தொடுவாரா?"

மிஹோகோ தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படும் வயதைத் தாண்டியிருந்தாலும் காது சூடாயிற்று.

"இறுகாத பட்டி கையில கொஞ்சம் ஒட்டியிருந்தாப் போதும். துண்டு, தலையணை, கதவுக் கைப்பிடி எல்லாத்துக்கும் அது வந்துரும். இமைத் தோல்தான் உடம்புலயே மெல்லிசு. இன்னொண்ணும் சொல்லிடறேன். களிம்பு தரேன், வீக்கம் போயிரும். ஆனா உடம்பு ஒரு தடவை இதை எதிரின்னு முடிவு பண்ணிட்டா அப்புறம் மாத்திக்காது. இனி வாழ்நாள் முழுக்க ஒரு துளி பட்டாலும் வரும்."

பேருந்தில் திரும்பும்போதுதான் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. அவசர வேலை இருக்கும் வாரங்களில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத்தாளால் குரங்கு முதுகுகளைத் தேய்த்துக் கொடுத்தவள் அவள்தானே! முந்தின நாள் பிசைந்தது, உள்ளே முழுக்க இறுகாதது. மாஸ்க் கிடையாது. மடியில் தூள் விழும். கையைத் தட்டிவிட்டு அதே கையால் அரிசி அப்பளம் எடுத்துத் தின்பார்கள். ரேடியோ பாடும். மருத்துவரிடம் அவள் பொய் சொல்லவில்லை. அதை ஒரு வேலை என்று அவள் மனம் கணக்கில் வைத்ததே இல்லை, அவ்வளவுதான். அவர்கள் இருவரும் அந்த வாரத்தில் சேர்ந்து இருந்த நேரம் அது.

கென்சாகு முதலில் சிரித்தான். பிறகு நம்பவில்லை. பிறகு கோபப்பட்டான்.

"இருபது வருஷமா பிசையறேன். விரலை எச்சில் தொட்டு வழவழப்பாக்கறேன். எனக்கு ஒரு பருகூட வந்தது கிடையாது!"

"எனக்கு வந்திருக்கே."

"நான் வேணும்னு பண்ணினேனா?"

"அப்படி யார் சொன்னது? கையுறை போட்டுக்கோன்னுதான் சொல்றேன். ரப்பர் இல்ல, நைட்ரைல். ரப்பரைத் துளைச்சுக்கிட்டு வந்துருமாம். பெயின்ட் தின்னரால கை துடைக்கக் கூடாதாம், அது தோலைத் திறந்துவிட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருமாம். சோப்புதான். அப்புறம் முழுக்க இறுகினதுக்கு அப்புறம்தான் தேய்க்கணும், தண்ணி தொட்டு, மாஸ்க் போட்டு..."

"அந்த டாக்டரம்மா ஒரு குரங்கு செஞ்சு காட்டட்டும் பார்ப்போம். கையுறை போட்டா விரலுக்குக் கண்ணைக் கட்டின மாதிரி இருக்கும், மிஹோ."

"எனக்குக் கண்ணே திறக்க மாட்டேங்குது, கென்."

மறுநாள் நீல நிறக் கையுறைப் பெட்டி வாங்கி வந்தான். அவள் முன்னாலேயே மாட்டிக் காட்டி, அறுவைச் சிகிச்சை மருத்துவன்போல இரு கைகளையும் தூக்கி நின்றான். அவள் சிரித்துவிட்டாள். துண்டுகளைத் தனித்தனியாக்கினார்கள். ஜூன் முழுக்க மழை பெய்தது. அவள் முகம் தெளிந்தது. ஓகிதாவிடம் பேச வேண்டும், அடுத்த மாதம் கவுன்டருக்குத் திரும்ப வேண்டும் என்று இருந்தாள்.

ஜூலையில் மறுபடி வீங்கியது. முன்னைவிட மோசம். கிடங்கில் பெட்டிகளின் பெயரைக்கூடப் படிக்க முடியவில்லை. ஓகிதா மதியமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டாள்.

வாசல் கதவைத் திறந்தபோது அவள் வந்தது அவனுக்குத் தெரியவில்லை. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திறந்திருந்த காகிதக் கதவு வழியாக அவன் முதுகு தெரிந்தது. குட்டியின் முதுகைத் தேய்க்கும் தாய்க் குரங்கின் விரல்களை உருட்டிக்கொண்டிருந்தான். வெறுங்கை. கட்டைவிரலை நாக்கில் தொட்டு, குரங்கின் கையில் ஒரு நீவு நீவினான். எட்டிப் பிடித்து, தின்னர் நனைத்த துணியில் விரல்களைத் துடைத்தான். எழுந்து குளியலறைக்குப் போனான். அங்கே, தனித் துண்டு என்று அவள் மாட்டிவைத்திருந்த வெள்ளைத் துண்டில் கையை ஒற்றிக்கொண்டு திரும்பியவன், அவளைப் பார்த்தான்.

"சீக்கிரம் வந்துட்டியே" என்றான்.

அவள் பார்வை அவன் கையிலேயே இருந்தது.

"விரல் மட்டும்தான், மிஹோ. விரல் நுணுக்கம் கையுறையில வரல. மத்ததுக்கெல்லாம் போட்டுக்கிட்டேன், சத்தியமா. அந்தக் கம்பெனி ஆளுங்க ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க, கை மரக்கட்டை மாதிரி இருக்குன்னு..."

"அது என் துண்டு."

அவன் துண்டைப் பார்த்தான். அது எது என்று அவன் கவனிக்கவே இல்லை என்பது அவன் முகத்தில் தெரிந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போட்டிருப்பாள். கவனிக்கவே இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு ஃபுஜியேதாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் அங்கே இருந்தபோது கென்சாகு தினமும் போனில் கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. பிறகு கூப்பிடுவது நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது. ஒரு மதியம் அவனே தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னபோது தலையாட்டி மறுத்தான்.

"நான் உள்ள வரல. ஆத்துக்கு அந்தப் பக்கம், மூடிக்கிடக்கற சைக்கிள் கடையோட பின்கட்டை வாடகைக்கு எடுத்திருக்கேன். பெரிய ஜன்னல், காத்து வருது. மேசை, பட்டி எல்லாத்தையும் அங்க கொண்டுபோயிட்டேன். வீட்டுல பாய், திரை, துண்டு, தலையணை எல்லாம் தூக்கிப் போட்டாச்சு. சுவரைக்கூடத் துடைச்சேன். உனக்கு எப்போ வரணும்னு தோணுதோ அப்போ வா."

"நீ?"

"அங்கேயே துணி மாத்திட்டு, பொதுக் குளியல் கூடத்துல குளிச்சிட்டு வருவேன்."

சொன்னபடிதான் செய்தான். மிஹோகோ ஆகஸ்டில் வீடு திரும்பினாள். புதுப் பாய் வாசனை அடித்தது. அவன் மாலையில் ஈரத் தலையோடு, சோப்பு வாசனையோடு வருவான். சாப்பிடுவார்கள். குரங்குகளைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வான். ஆனால் கைகளை எப்போதும் முதுகுக்குப் பின்னாலோ மேசைக்கு அடியிலோ வைத்துக்கொண்டான். உப்பு ஜாடியைக்கூட அவள் கையில் தராமல் மேசையில் வைத்துத் தள்ளினான். வேலை அறையாக இருந்த இடத்தில் தனியாகப் படுத்துக்கொண்டான். அவள் முகம் கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. அதைத் தொட ஆள் இல்லை.

ஒரு மாலை, அவன் பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பியபோது அவள் வழியை மறித்து நின்றாள்.

"கையைக் கொடு."

"வேண்டாம், மிஹோ."

"குளிச்சிட்டுத்தானே வந்த? கொடு."

"ஒரு துளி போதும்னு டாக்டர் சொல்லலியா?"

"சொன்னாங்க. வீங்கினா வீங்கட்டும். நான் என்ன கவுன்டர்லயா நிக்கிறேன்?"

அவளே அவன் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இருட்டிவிட்டிருந்த சமையலறையில் அந்தக் கை எப்படி இருந்தது என்று அவள் பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அதைக் காதல் என்று நினைத்தாள். அவன் எதையோ பொறுத்துக்கொண்டு நின்றான் என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் எழுந்தபோது அவன் கிளம்பிப் போயிருந்தான். கண்ணாடிக்கு ஓடினாள். ஒன்றும் இல்லை. உடனே போனில் கூப்பிட்டாள்.

"கென்! ரெண்டு கண்ணும் திறந்திருக்கு!"

மறுமுனையில் வெறும் மழைச் சத்தம்.

"கேக்குதா? ஒண்ணும் ஆகல!"

"கேக்குது." குரலைத் தாழ்த்தி, "மிஹோ, எனக்கு விரலிடுக்கெல்லாம் வெடிச்சிருக்கு. ரெண்டு வாரமா. முழங்கை வரைக்கும் ஏறிடுச்சு."

கையை ஏன் மறைத்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் போனாள். சைக்கிள் கடையின் பின்கதவு திறந்திருந்தது. அவள் வாசல்படிக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே போக அவளால் ஆகாது. உள்ளே கென்சாகு நீலக் கையுறையோடு குனிந்திருந்தான். முழுக்கைச் சட்டையின் விளிம்பில் தோல் சிவந்து, நீர் கோத்து மினுங்கியது.

"கழட்டிட்டு வெளிய வா."

"ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி. கொட்டாவி விடற குரங்கோட வாய். இன்னிக்கு முடிஞ்சிரும்."

"கென், என் முதுகுல எப்படிப் பொங்குச்சுன்னு நான் உனக்குக் காட்டினேன் இல்ல?"

"இதைத் தவிர எனக்கு வேற என்ன தெரியும்? சொல்லு. என்ன தெரியும்?" கையுறைக் கையைத் தூக்கிக் காட்டினான். "எல்லாத்தையும் தூரத் தூக்கிட்டு வந்தேனே. உன்கிட்ட வராம இருக்கட்டும்னுதானே வந்தேன். இப்போ என்கிட்டயே வந்துருச்சு."

மிஹோகோ குடையோடு மழையில் நின்றாள். ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. சொன்னால் அது பொய்யாக இருக்கும். "நான் உள்ள வர முடியாது. நீதான் வெளிய வரணும்" என்று மட்டும் சொன்னாள். நகராமல் நின்றாள்.

அவன் வர நேரமாயிற்று. பிசைந்த பட்டி கையிலேயே இறுகத் தொடங்கும் வரை அதை உருட்டிக்கொண்டே இருந்தான். பிறகு அதை மேசையில் வைத்தான். கையுறையை வெளிப்பக்கம் உள்ளே போகும்படி உரித்துப் போட்டு, சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். இருவரும் ஒரே குடையில் சுகானோ மருத்துவரிடம் போனார்கள்.

அவனுக்கும் அதே கட்டம்தான் சிவந்தது.

கொட்டாவிக் குரங்கை முடித்துக் கொடுக்க மயுசுமி என்ற இன்னொரு சிற்பி ஒப்புக்கொண்டார். கென்சாகுவுக்கு நெடுநாள் சிநேகிதர், கலகலப்பான ஆள். பொம்மையையும் மிச்சப் பட்டியையும் எடுத்துப்போகச் சைக்கிள் கடைக்கு வந்தார். கென்சாகு கைகளில் துணிக்கட்டோடு தெருவில் நின்றான், பக்கத்தில் மிஹோகோ. உள்ளே போய் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்த மயுசுமி, கடைசியில் கையுறைப் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார்.

"இது எனக்கெதுக்குப்பா? உன் தோல் பொம்பளைத் தோல். என்னுது எருமைத் தோல்!"

"நானும் இருபது வருஷம் அப்படித்தான் சொன்னேன், மயுசுமி-சான்."

"சரி சரி, பயமுறுத்தாத" என்று சொல்லிப் பெட்டியைப் படியிலேயே வைத்துவிட்டுப் பைக்குள் கையை விட்டு, பாதிக் குரங்கை எடுத்து, கட்டைவிரலால் அதன் தாடையை ஆசையாகத் தடவினார். "பிரமாதமான வாய்!"

மிஹோகோ கேட்டாள்: "உங்க வீட்டுல துணி யார் துவைக்கிறாங்க?"

"துணியா? என் பொண்ணு. ஏன்?"

மயுசுமி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கென்சாகுவின் கைக்கட்டைப் பார்த்தார். சிரிப்பு உதட்டிலேயே கொஞ்ச நேரம் மறந்துபோய் நின்றது. "நல்லா படிக்கிறா. அடுத்த வருஷம் காலேஜ்" என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். குரங்கைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வணங்கிவிட்டு, மழை தேங்கிய தெருவில் நடந்தார். முனை திரும்பும் இடத்தில் நின்றார். யோசித்தார். திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் படியிலிருந்த பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

"போட்டுக்குவாரா?" என்று கேட்டாள் மிஹோகோ.

"தெரியல" என்றான் கென்சாகு. "நான் போட்டுக்கல."